பை நல்லதுதான், பட்டிதான் மோசம்

கேள்வி: ஐயா, நான் விற்பனைப் பிரதிநிதி. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை கடை கடையாகப் போகிறவன். பல்சர் பைக்கின் பின்சீற்றுக்குக் குறுக்கே போடும் இரட்டைப் பை வாங்கினேன். சில மாதத்திலேயே பட்டியின் வெல்க்ரோ விட்டுப்போச்சு. ஓந்தாச்சிமடம் தாண்டும்போது வலதுபக்கப் பை சரிந்து சைலன்சரில் பட்டு உருகிவிட்டது. இனி விலை கூடிய பையாக வாங்கவா? (களுவாஞ்சிக்குடி வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம் தம்பி. ஓட்டையை ஒட்டுப்போட முடியுமா, மற்றத் தையல் உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மாற்ற வேண்டியது பட்டியை மட்டும்தான். துணியில் தாராளமாகச் செலவழித்துவிட்டுப் பட்டியிலும் கிளிப்பிலும் மிச்சம் பிடிக்கிற பைகள்தான் கடைகளில் அதிகம். விலை கூடியதிலும் அதே வெல்க்ரோ இருந்தால் என்ன லாபம்?

வெல்க்ரோவை நீளவாட்டில் இழுத்தால் நன்றாகத் தாங்கும், ஓரத்தைப் பிடித்து உரித்தால் உடனே கழன்றுவிடும். குழியில் பை துள்ளும்போதெல்லாம் இந்த உரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. போதாததற்கு, கச்சான் காற்றில் பறக்கிற மணலும் மாரியில் தெறிக்கிற சேறும் அதன் பொடிக் கொக்கிகளுக்குள் அடைந்துவிடும். பையை ஓரிடத்தில் நிறுத்திவைக்க வெல்க்ரோ போதும், பாரத்தைச் சுமக்க அது வேண்டாம்.

வாகன சீற் தைக்கிற கடையில் ஓரங்குல அகலப் பட்டி தைத்து, பல் வைத்து அமுக்கிப் பிடிக்கும் இரும்புப் பக்கிள் போட்டுத் தரச் சொல்லுங்கள். பட்டி பொலியெஸ்டரா என்று கேட்டு வாங்குங்கள். நைலோன் நனைந்தால் இளகி நீளும், மழைக்குள் ஓடுகிறவருக்கு அது ஒத்துவராது. சீற்றைக் கழற்றி, பட்டியைச் சீற்றுக்கு அடியால் சட்டத்தின் மேலாக விட்டுவிட்டுச் சீற்றைப் பூட்டினால் அது முன்பின் நகராது. அப்புறம் ஒவ்வொரு பையின் கீழ் மூலையிலிருந்தும் ஒரு சின்னப் பட்டியைப் பின்னால் இருப்பவரின் கால்மிதி பூட்டும் சட்டத்தில் கட்டுங்கள். பலர் விடுகிற இடம் இதுதான். மேலே எவ்வளவு இறுக்கினாலும் கீழ்ப்பக்கம் சும்மா தொங்கினால் பை ஆடத்தான் செய்யும். மிஞ்சும் பட்டி நுனியை மடித்துக் கட்டிவிடுங்கள், சில்லுக்குள் போனால் ஆபத்து.

வலதுபக்கம் பட்டியை மட்டும் நம்பாதீர்கள். பை சைலன்சர் பக்கம் போகாதபடி ஒரு கம்பித் தாங்கி வெல்டிங் கடையில் செய்வித்துப் பூட்டுங்கள். இந்த முழு வேலையிலும் செலவழிக்கத் தகுந்தது அதுதான் என்பேன். கொக்கி வைத்த இறப்பர் கயிற்றைப் பைக்குப் பாவிக்க வேண்டாம். பாரம் துள்ளும்போது அதுவும் சேர்ந்து நீளும், கழற்றும்போது கை தவறினால் கொக்கி கண்ணுக்கே வரும்.

கேள்வி: என் ஸ்கூட்டியில் பூட்டிய பின்பெட்டியின் நட்டுகள் அடிக்கடி தளர்கின்றன, துருவும் பிடிக்கிறது. ஸ்பிரிங் வாசர் போட்டும் பயனில்லை. (ஆசிரியை, அக்கரைப்பற்று)

பதில்: ஸ்பிரிங் வாசர் பெரிதாக உதவாது ரீச்சர். பக்கவாட்டு அதிர்வுதான் நட்டைச் சுழற்றிக் கழற்றுகிறது என்று ஜங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் 1969இல் பரிசோதித்தே காட்டிவிட்டார். அந்த வகைப் பரிசோதனைகளில் ஸ்பிரிங் வாசர் நல்ல பெயர் எடுக்கவில்லை. ஆனாலும் போல்ட் வாங்கினால் அதையும் சேர்த்துத் தருவது இன்னும் கடை வழக்கம்.

உள்ளே பிளாஸ்டிக் வளையம் உள்ள நைலொக் நட்டு கேளுங்கள். அது ஒருமுறை கழற்றினால் புதிதாகப் போட வேண்டியது, சைலன்சருக்குக் கிட்டவும் கூடாது. பெட்டிக்குள்ளே அகலமான வாசர் வைத்தால் பிளாஸ்டிக் வெடிக்காது. நட்டு இறுக்கும் பசை போடச் சொன்னால் பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், அது பிளாஸ்டிக்கை வெடிக்கப் பண்ணும். இரும்புச் சட்டத்தில் போடுவதென்றால் நீல நிறப் பசை போதும். சிவப்பைப் போட்டால் சூடாக்கித்தான் கழற்ற வேண்டிவரும்.

துருவுக்கு, தலையில் ஏ2 என்று பொறித்த ஸ்ரெயின்லெஸ் போல்ட் வாங்குங்கள். ஏ4 கிடைத்தால் கடற்கரை ஊருக்கு இன்னும் நல்லது. பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், நாகப் (சிங்க்) பூச்சு போட்ட இரும்பும் புதிதில் அப்படித்தான் மின்னும். காந்தம் பிடித்துப் பாருங்கள், பலமாக ஒட்டினால் சாதாரண இரும்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பூட்டுமுன் புரியில் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள். ஸ்ரெயின்லெஸ்ஸோடு ஸ்ரெயின்லெஸ் உலர்ந்தபடி இறுகினால் பிறகு கழற்றவே வராது.

கேள்வி: வாங்கிய கிழமையே பையின் கிளிப் உடைந்தது. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று எழுதிவைத்திருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். (காத்தான்குடி வாசகர்)

பதில்: பில் இருக்கிறதா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தந்தாக வேண்டும். முதலில் உடைந்த கிளிப்பின் படத்தோடு போய்ப் பேசுங்கள். கிளிப்பை மட்டும் மாற்றித் தரச் சொன்னால் அநேகமாக இணங்குவார், அவருக்கும் அது சின்னச் செலவுதான். முடியாது என்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். உத்தரவாதம் தந்திருந்தால் அந்த அட்டையின் பிரதியையும் முறைப்பாட்டோடு இணையுங்கள்.