'கட்டி இல்லை' என்று எழுதிய ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு தெரிந்தது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பதினாறு வருடமாக சுகர். உயரம் 165 செ.மீ., எடை 98 கிலோ, குடிப்பழக்கம் கிடையாது. கொழுப்புக் கல்லீரல் முற்றி சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) ஆகிவிட்டது என்று போன வருடம் சொன்னார்கள். புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்கிறோம். இந்தத் தடவை ரிப்போர்ட்டில் மேலே "லிமிடெட் ஸ்டடி, பவல் கேஸ்" (குடல் காற்றால் முழுதாகப் பார்க்க முடியவில்லை) என்றும், கீழே "நோ ஃபோக்கல் லீஷன்" (கட்டி இல்லை) என்றும் இருக்கிறது. போன ரிப்போர்ட்டிலும் இதே வரிகள்தான். ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடான ஏஎஃப்பி 5. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கலாமா, இல்லை சிடி எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: நல்ல வேளை, மேல் வரியையும் படித்திருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் கடைசி வரியைப் பார்த்ததும் ரிப்போர்ட்டை மடித்து கவரில் போட்டுவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அர்த்தம் இதுதான்: தெரிந்த பகுதியில் கட்டி எதுவும் இல்லை, தெரியாத பகுதியைப் பற்றி இந்த ரிப்போர்ட் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லையில் பாதி தூரம் டார்ச் அடித்துவிட்டு பாம்பு இல்லை என்று சொல்கிற மாதிரி. அப்பாவுக்கு ஏதோ இருக்கிறது என்று பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டு முறை தொடர்ந்து சரியாகப் பார்க்க முடியவில்லை என்பதை அப்படியே விட்டுவிடவும் கூடாது.

ஏன் தெரியவில்லை என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெரியும். வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் ப்ரோபிலிருந்து போகிற ஒலி உள்ளே பட்டுத் திரும்பி வந்தால்தான் திரையில் படம் விழும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும் கல்லீரலுக்குள் இருக்கும் கொழுப்பும் அந்த ஒலியை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. ஆழம் போக வேண்டும் என்று ஒலியின் அதிர்வெண்ணைக் குறைத்தால் படத்தின் நுணுக்கம் போய்விடும், நாம் தேடுவதோ ஒன்று இரண்டு சென்டிமீட்டர் கட்டி. அது போதாது என்று சிரோசிஸ் வந்த கல்லீரல் ஏற்கெனவே மேடும் பள்ளமுமாக, சொரசொரப்பாகத்தான் தெரியும், மணல் குவியலில் ஒரு கூழாங்கல்லைத் தேடுகிற வேலை. வலது பக்கம் சுருங்கி விலா எலும்புக்குள் ஏறிக்கொள்ளும், உச்சிப் பகுதியை நுரையீரல் மூடிக்கொள்ளும், இடது பக்கத்தை வயிற்றில் உள்ள கேஸ் மறைக்கும்.

ஸ்கேன் அறையில் நாங்கள் முதலில் தேடுவது உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை. கல்லீரலுக்குப் பின்னால், திரையின் அடிப்பக்கத்தில், வில் மாதிரி வளைந்த பளிச்சென்ற வெள்ளைக் கோடு அது. அந்தக் கோடு முழுதாகத் தெரிந்தால் ஒலி கல்லீரலைத் தாண்டி அந்தப் பக்கம் வரை போய்த் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கோடு பாதியில் கரைந்து கருப்பாகிவிட்டால் அதற்கு முன்னால் இருக்கும் கல்லீரலும் இருட்டில்தான் இருக்கும்.

இதை ரிப்போர்ட்டில் எழுதுவதற்கு ஒரு முறையே இருக்கிறது. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் லை-ராட்ஸ் என்ற வழிகாட்டலில் 2017லேயே அல்ட்ராசவுண்டுக்கு ஏ, பி, சி என்று மதிப்பெண் கொண்டுவந்தார்கள். ஏ என்றால் கிட்டத்தட்ட முழுக் கல்லீரலும் தெரிந்தது. பி என்றால் அங்கங்கே கொஞ்சம் மறைந்தது, சின்னக் கட்டி தப்பலாம். சி என்றால் வலது அல்லது இடது பகுதியில் பாதிக்கு மேல், இல்லை உதரவிதானத்தில் பாதிக்கு மேல் தெரியவே இல்லை. கவனியுங்கள், இது கட்டி இருக்கிறதா என்பதற்கான மதிப்பெண் கிடையாது, படத்தின் தரத்துக்கானது. நம் ஊரில் பல சென்டர்களில் இன்னும் இதை எழுதுவதில்லை, "லிமிடெட் ஸ்டடி" என்று ஒரு வார்த்தையோடு முடித்துவிடுகிறார்கள். அந்த வார்த்தை பி-யாகவும் இருக்கலாம், சி-யாகவும் இருக்கலாம். அதனால் ஸ்கேன் எடுத்த இடத்தில் போய், "எந்தப் பகுதி தெரியவில்லை, விஷுவலைசேஷன் ஸ்கோர் என்ன" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் சென்டரை மாற்றுங்கள்.

அது சி என்றால் சும்மா ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். 2024இல் திருத்திய லை-ராட்ஸ் பதிப்பு சொல்வது: மூன்று மாதத்துக்குள் அல்ட்ராசவுண்டைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் அடுத்த தடவையும் சி-தான் வரும் என்று எதிர்பார்க்கக்கூடியவர்களுக்கு வேறு ஸ்கேனை யோசிக்கலாம். அந்தப் பட்டியலில் கொழுப்பால் வந்த சிரோசிஸ் இருக்கிறது, பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் என்பதும் இருக்கிறது. அப்பாவின் உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ 36 வருகிறது. உங்கள் டாக்டரிடம் இந்தக் கணக்கோடு போய்ப் பேசுங்கள்.

ஏஎஃப்பி 5 என்பது நல்ல செய்திதான், ஆனால் அரைச் செய்தி. 20க்கு மேல் போனால் பொதுவாக மேற்கொண்டு தேடுவோம், ஆனால் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் பல கட்டிகள் ஏஎஃப்பியை ஏற்றுவதே இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் வந்த கணக்குப்படி, ஆரம்பக் கட்டப் புற்றுநோயை அல்ட்ராசவுண்ட் மட்டும் பிடித்தது 45 சதவீதம், ஏஎஃப்பியும் சேர்த்தால் 63. அப்புறம் எதற்கு இந்த ஸ்கேன் என்று கேட்பீர்கள். ஷாங்காயில் ஹெபடைடிஸ் பி போன்ற ஆபத்து உள்ள 18,816 பேரிடம் செய்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த இரண்டையும் பார்த்த குழுவில் கல்லீரல் புற்றுநோய் சாவு 37 சதவீதம் குறைந்தது, அதுவும் பலர் எல்லா முறையும் வராமலேயே. படம் நன்றாக விழுகிறவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் மலிவு, கதிர்வீச்சு இல்லை, போதும்.

சரி, சிடியா எம்ஆர்ஐயா? கொரியாவில் சிரோசிஸ் உள்ள, ஆபத்து அதிகமான 407 பேருக்கு அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ இரண்டையும் எடுத்து ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள்: எம்ஆர்ஐ 86 சதவீதக் கட்டிகளைப் பிடித்தது, அல்ட்ராசவுண்ட் 27.9. அதற்காக எல்லோரும் எம்ஆர்ஐக்கு ஓட வேண்டியதில்லை, செலவு ஒரு பக்கம், மெஷினுக்குள் அரை மணி நேரம் அசையாமல், சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்கிப் படுக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். சிடி என்றால் மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் ட்ரைஃபேசிக் சிடியாக இருக்க வேண்டும். சாதாரண வயிற்று சிடி எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பணம் வீணானதே என்றுதான் தோன்றும். பதினாறு வருட சுகர் என்பதால் முதலில் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு சிடி என்று வருடக்கணக்கில் போவதை நான் விரும்ப மாட்டேன், கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும்.

இதில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் பருமனான ஒருவருக்கு நானே "நோ ஃபோக்கல் லீஷன்" என்று எழுதினேன். சில மாதம் கழித்து வேறு காரணத்துக்காக எடுத்த சிடியில் கல்லீரலின் உச்சியில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன், உச்சிப் பகுதி ஒரு படத்தில்கூட இல்லை. அப்போதிருந்து தெரியாத இடத்தை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

மறுபடி அல்ட்ராசவுண்ட் என்று முடிவானால் சில விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் பரவாயில்லை, பால் போட்ட டீ கூடாது. அப்பாவுக்கு சுகர் என்பதால் காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள், அன்று மாத்திரையோ இன்சுலினோ எப்படி என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்டு வையுங்கள், தாழ்நிலை சுகரோடு படுக்கையில் வியர்த்துக் கிடப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வெற்றிலை, சூயிங்கம், சிகரெட் எதுவும் வேண்டாம், காற்றை விழுங்க வைக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்பார்கள். அப்போதுதான் கல்லீரல் விலாவை விட்டுக் கீழே இறங்கும். மல்லாக்கப் படுத்தபடியே இரண்டு நிமிடத்தில் முடித்தால், "ஒருக்களித்துப் பார்க்க வேண்டாமா" என்று அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டோடு படங்களையும் கொண்டுபோங்கள், எது போன தடவை மறைந்தது என்று தெரிந்தால் பார்ப்பவர் அங்கேதான் அதிக நேரம் செலவழிப்பார்.