போனிலேயே எல்லாப் பாட்டும் சுத்தமாகக் கிடைக்கும்போது, கீறல் விழுந்த பழைய செகண்ட் ஹேண்ட் இசைத்தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்பதில் என்ன சந்தோஷம்?

கண்டுகொள்ளாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். "காசு கொடுத்து" என்று அழுத்திக் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் யாரோ ஒருவருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவாக இருக்கலாம், கணவராக இருக்கலாம். திடீரென்று ஒரு நாள் கட்டுக்கட்டாகப் பழைய தட்டுகளோடு வந்து நிற்கிறார். அலமாரியில் இடமில்லை. சாயங்காலம் ஆனால் ஹால் அவருடையதாகிவிடுகிறது, யாரும் டிவி போட முடிவதில்லை. அந்தக் கடுப்பு கேள்வியில் தெரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து இதையே பிடித்துக்கொள்வார்கள். இசைத்தட்டின் ஒலி போனில் வருவதைவிட உயர்ந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. 1982-ல் சி.டி. விற்பனைக்கு வந்தபோதே அந்த வழக்கு முடிந்துவிட்டது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சி.டி.யில் சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். நல்ல எல்.பி.யில், அதாவது நீண்ட நேரம் ஓடுகிற வினைல் பிளாஸ்டிக் தட்டில், 70-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். "அனலாக்கில் ஒரு கதகதப்பு இருக்கிறது" என்று உருகுகிற கூட்டத்தில் நான் இல்லை. இது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்ல வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இப்போது புதிதாக அச்சாகி வருகிற 180 கிராம் கனத்தட்டுகளைப் பற்றி நான் பேசவில்லை. யாரோ கேட்டு முடித்து, வேண்டாம் என்று கழித்துவிட்ட பழசைப் பற்றித்தான் பேசுகிறேன். கேள்வியும் அதைப் பற்றித்தானே.

எனக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதை ஒரு சாயங்காலத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அன்றைக்கு வீட்டில் நானும் தம்பியும் மட்டும். அவனுக்குத் தொழிலே ஒலிப்பதிவு, காது ரொம்பக் கூர்மை. நான் தரையில் உட்கார்ந்து, வாங்கி வந்த கட்டைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பது சாதாரண வேலை இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு, மெத்தென்ற துணியால், ஊசி ஓடுகிற மெல்லிய பள்ளமான வரி போகிற வாக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் அந்தத் தூசியே கீறிவிடும். நடுவிலிருக்கும் லேபிளில் ஈரம் படக்கூடாது.

கட்டுக்குள் நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிற பழங்காலத் தட்டுகளும் இருந்தன. அவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். அவை வினைல் இல்லை, அரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினோடு கல்தூள் சேர்த்து அழுத்திச் செய்தவை. கைதவறினால் உடையும், ஸ்பிரிட் பட்டால் கரையும். ஒருவர் கைக்குப் போடுகிற சானிட்டைசரை வைத்து அரக்குத் தட்டைத் துடைத்துவிட்டு, "ஏன் சத்தம் வரமாட்டேங்குது?" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வரியெல்லாம் மழுங்கிப்போய் இருந்தது. இன்னும் வயிறு எரிகிறது. அதற்கு ஊசியும் வேறு. 78-க்கு ஊசிமுனை சுமார் 75 மைக்ரான் வேண்டும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), எல்.பி.க்கு 25 மைக்ரான் அல்லது அதற்கும் கீழே. எல்.பி. ஊசியை 78-ல் வைத்தால் அது சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கிலேயே ஓடும்.

சரி, அன்றைக்கு வைத்தது ஒரு எல்.பி. பெண் குரல், பின்னால் வயலினும் பியானோவும். பக்கத்துக்கு ஐந்து பாட்டு. முதல் பக்கத்தின் முதல் பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. அந்தத் தட்டு விற்றதே அந்தப் பாட்டுக்காகத்தான் இருக்கும்.

ஊசி இறங்கியதுமே "டிக்". கொஞ்சம் விட்டு மறுபடியும் "டிக்". 1.8 நொடிக்கு ஒன்று. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு அவ்வளவு நேரம். ஓரத்தில் குறுக்காக ஒரு கீறல், ஊசி அதைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம். "அக்கா, இத எப்படி உட்காந்து கேக்குற?" என்றான் தம்பி. பாட்டு பாதி போவதற்குள் கீறல் முடிந்து டிக்கும் நின்றது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் முழுவதும் சுத்தம். பிரபலமான அந்தப் பாட்டில்கூடக் கீறல் இருந்ததே தவிர தேய்மானம் இல்லை.

திருப்பிப் போட்டேன். நாலு பாட்டு நன்றாகப் போயிற்று. ஐந்தாவதில் குரல் உடைந்தது. "ச" வருகிற இடத்திலெல்லாம் கரகரப்பு. குரல் ஏறுகிற இடத்தில் காது கூசியது. "ஊசியத் தூக்குக்கா, தேஞ்சு போச்சு" என்றான். நான் தூக்கவில்லை. பாட்டு முடிந்ததும் தட்டை எடுத்து மேஜை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன்.

நாலு பாட்டு வரை நல்ல கறுப்பு, பளபளப்பு. ஐந்தாவது பாட்டின் பட்டை மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்தப் பட்டைக்கு முன்னால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மெல்லிய வெற்று இடம் இருக்குமே, அங்கே பொடிப்பொடியாகப் புள்ளிகள், குட்டைக் குட்டைக் கீறல்கள். ஊசியைக் கையால் இறக்கிய தடம். சில தடங்கள் நாலாவது பாட்டின் கடைசி வரிகளில் விழுந்திருந்தன, கை கொஞ்சம் முந்தி இறங்கியிருக்கிறது. மற்ற எந்த இடைவெளியிலும் இப்படி இல்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

இதன் அர்த்தம் புரிய, எல்.பி.யில் கடைசிப் பாட்டு என்பது எப்படிப்பட்ட இடம் என்று தெரிய வேண்டும். தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளியோரத்தில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது. உள்ளே வரவர வட்டம் சிறிதாகி, லேபிளை நெருங்கும்போது 20 சொச்சம்தான் மிஞ்சும். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்க வேண்டும். அதனால் அங்கே ஒலி எப்போதுமே கொஞ்சம் மங்கும், உரத்த குரல் சீக்கிரம் உடையும். ஆர்ப்பாட்டமான பாட்டை ஓரத்திலும் அடங்கின பாட்டைக் கடைசியிலும் வைப்பது இதனால்தான். மெல்லிய பாட்டு, அதுவும் இரண்டாம் பக்கத்தில், அதுவும் கடைசியில். அவ்வளவு ஒதுக்குப்புறமாக வைத்த பாட்டைத்தான் இந்தத் தட்டின் பழைய சொந்தக்காரர் தேய்த்திருக்கிறார். பக்கத்தை முதலிலிருந்து ஓடவிட்டு அங்கே வந்து சேரவில்லை. நேரே அதற்கே போயிருக்கிறார், திரும்பத் திரும்ப. ஊசியைத் தாங்குகிற பாகமான கார்ட்ரிட்ஜில் பழைய செராமிக் வகை 5 கிராம் அழுத்தத்தில்கூட ஓடும். என் பிளேயரில் 2 கிராமுக்கு மேல் வைப்பதில்லை. அந்தப் பழைய ஊசியின் கனத்தில் அத்தனை தடவை ஓடினால் வரி இப்படித்தான் வெளிறும்.

உறையைத் திருப்பினேன். பாட்டுப் பட்டியலில் அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு.

தம்பி இதற்குள் போனில் அந்த ஆல்பத்தை எடுத்துவிட்டான். கேட்டவர்கள் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் பிரபலப் பாட்டு மேலே, இது பத்தாவது இடத்தில். போட்டான். சுத்தமாக இருந்தது. குரலில் உடைசல் இல்லை, அடியில் போகிற வயலின் தனியாகத் தெரிந்தது. "இத விட அதுல என்னக்கா இருக்கு?" என்றான். உங்கள் கேள்விதான். "இப்படி ஒரு பாட்டு இருக்குன்னு உன் போன் எனக்கு என்னைக்காவது சொல்லியிருக்குமாடா?" என்று கேட்டேன்.

சொல்லியிருக்காது. லட்சம் பேர் தொட்டதை இன்னும் லட்சம் பேருக்கு நீட்டுவதுதான் அதன் வேலை. இங்கே ஒரே ஒரு மனிதர், ஊர் முழுக்க ஒரு பாட்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது வேறொன்றைத் தேர்ந்தெடுத்து, தன் ஊசியாலேயே அதற்கு அடிக்கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பாட்டு வந்தால் எழுந்து போகமாட்டார் என்று தெரியும். கூடவே வாழ்கிறவர்களைப் பற்றிக்கூட நமக்கு அது தெரிவதில்லை.

நானாகக் கதை கட்டுகிறேன் என்று சொல்வீர்கள். குழந்தை விளையாடியிருக்கலாமே, பிளேயர் கோளாறாக இருக்கலாமே என்பீர்கள். ஆட்டோமேட்டிக் பிளேயர் ஒரே இடத்தில் இறக்கும், உண்மைதான். ஆனால் அது வெளியோரத்தில் இறக்கும், கடைசிப் பாட்டுக்கு முன்னால் போய் இறக்காது. குழந்தை கை வைத்திருந்தால் குறுக்கே இழுத்திருக்கும். பென்சில் கோட்டுக்கு என்ன சொல்வது? எனக்கு இந்தச் சாட்சியம் போதும்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ கண்டுபிடிக்கத் தட்டு, கேக்கப் போன்" என்று முடித்துவிட்டான். அதுவும் ஒரு வழிதான். நான் தட்டில்தான் கேட்கிறேன், அந்த உடைசலோடு. இரண்டாம் சரணம் முடிந்து குரல் மேலே போகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம். உரத்த இடத்தில் வரியின் நெளிவு பெரிது, அதனால் அங்கே ஊசி அதிகம் தின்னும் என்ற கணக்கு எனக்கும் தெரியும். தெரிந்தும், அந்த இடம் வரும்போதெல்லாம், இதைக் கேட்கத்தான் அவர் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தார் என்று தோன்றுகிறது. நானும் அந்த இடத்துக்காகத்தான் வைக்கிறேன்.

இரைச்சல், இரைச்சல் என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் தட்டில் வரும் டிக் சத்தத்தைத் தாங்க முடியாதவர்கள், மருத்துவமனையில் டாக்டருக்காகக் காத்திருக்கிற இடத்தில் போனை முழுச் சத்தத்தில் வைத்து வீடியோ மாற்றி வீடியோ பார்க்கிறார்களே, அது என்ன? ரயிலில் இரவு பதினோரு மணிக்கு, எதிர் படுக்கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது, அரை நிமிடம் ஒரு பாட்டு, அரை நிமிடம் ஒரு சிரிப்பு, அரை நிமிடம் ஒரு சண்டை. ஹெட்போன் போட்டுக்கொள்ளச் சொன்னால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவர்கள்தானே எல்லோரும். நான் என் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அளவான சத்தத்தில் கேட்பது பைத்தியக்காரத்தனம், இது மட்டும் சகஜம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நேரம் வீணாகிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 10 அங்குல 78 தட்டில் பக்கத்துக்கு 3 நிமிடம்தான். 1948-ல் எல்.பி. வந்த பிறகு அது 20 நிமிடத்தைத் தாண்டியது. அந்த 20 நிமிடம் நான் ஒரே இடத்தில் இருப்பேன், முடிந்ததும் எழுந்து திருப்பிப் போடுவேன். ஒரு சாயங்காலத்தில் மூன்று தட்டு கேட்டால் அதிகம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டுத் தட்டுகளைப் பற்றி இரண்டு விஷயம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒலி சன்னமாக, அடிநாதமே இல்லாமல் கீச்சென்று வருகிறது என்றால் பழி தட்டின் மேல் இல்லாமல் இருக்கலாம். தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த சுருதி ஒலியைக் குறைத்து உச்ச சுருதி ஒலியைக் கூட்டிப் பதிப்பார்கள், இல்லாவிட்டால் வரி அகலமாகி இடம் போதாது. கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய, பிளேயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போனோ ப்ரீ-ஆம்ப் என்கிற சின்னக் கருவி வேண்டும். அது இல்லாமல் பிளேயரை நேரே ஸ்பீக்கரில் சொருகிவிட்டு "பழசு என்றால் இப்படித்தான்" என்று சொல்கிறவர்கள் நிறைய. இன்னொன்று, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். அடியில் இருப்பது வளைந்துவிடும். புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்.

என்றைக்காவது இடம் போதவில்லை என்று அவற்றை விற்கிற முடிவுக்கு வந்தால் உறையோடு விற்றுவிடுங்கள். உறையில் பென்சிலிலோ பேனாவிலோ ஏதாவது குறித்திருந்தால், சுத்தமாக இருக்கட்டும் என்று அழிக்க வேண்டாம். வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு அது வேண்டும்.