கோடோகானில் விழப் போகிறீர்களா?

(ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜூடோ பயிற்சியாளர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில், விடுமுறைக்குப் போகும் ஊரில் பயிற்சி செய்வது பற்றி.)

ஏப்ரலில் குடும்பத்தோடு எட்டு நாள் டோக்கியோ போகிறோம். ஆறு வருடமாக ஜூடோ பழகுகிறேன், பிரவுன் பெல்ட். ஜூடோவின் தாய்வீடான கோடோகான் பயிற்சிக்கூடத்தில் ஒரு சாயங்காலமாவது பயிற்சி செய்ய ஆசை. வெளியாளை உள்ளே விடுவார்களா? கறுப்பு பெல்ட் வாங்கிய பிறகு போவதுதான் முறையா?
வாசகர், கோயம்புத்தூர்

விடுவார்கள். ஆனால் வாசலில் போய் நின்றுகொண்டு கேட்காதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் வயது, பெல்ட், எத்தனை வருடப் பயிற்சி, எந்தத் தேதியில் வரமுடியும் என்று நான்கு வரி போதும். உங்கள் மாஸ்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். விருந்தாளிகளுக்கான நேரமும் விதிகளும் அவ்வப்போது மாறும், அவர்கள் எழுதுகிற பதிலே கணக்கு.

கறுப்பு பெல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நம் ஊரில் கறுப்பு பெல்ட் என்றால் ஃபிளெக்ஸ் பேனர் வைக்கிறோம். அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் சர்வசாதாரணமாகக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். கறுப்பு பெல்ட்டிலிருந்து மேலே போகும் படிகளுக்கு டான் என்று பெயர். முதல் டானுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஷோடான், ஆரம்பப் படி என்றுதான் அர்த்தம். நீங்கள் கவனிக்க வேண்டியது சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருக்கும் பெல்ட்டை. அது ஆறாவது டானிலிருந்து எட்டாவது டான் வரை. அதைக் கட்டியவர் எழுபது வயதுத் தாத்தாவாக இருப்பார், ‘பாவம், மெதுவாகப் பிடிப்போம்’ என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். காசுகா ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே எட்டு மாடிக் கட்டடம், வாசலில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ சிலை. 1882ல், இருபத்தோரு வயதில், ஒரு புத்தர் கோயிலில் 12 பாய் போட்ட அறையில் அவர் தொடங்கியது. இப்போது ஏழாவது மாடியில் இருக்கும் பெரிய கூடத்தில் மட்டும் 420 பாய். (தாத்தாமி என்கிற ஜப்பானிய விரிப்பை மேட் என்று சொல்லாமல் பாய் என்றே சொல்கிறேன், அதுவும் பாய்தானே.) நான் பழகியது பெரம்பூரில், மழை பெய்தால் சுருட்டி வைக்கும் இருபது பாயில். அந்தக் கூடத்து வாசலில் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

உடை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் பார்த்தேன், கூடம் முழுக்க வெள்ளை. நான் மட்டும் நீலம். ஜலந்தரில் தைத்த புது நீல உடை, பெருமையாக எடுத்துப் போயிருந்தேன். சர்வதேசப் போட்டிகளில் ஒருவர் வெள்ளை, ஒருவர் நீலம் என்று நாம் டிவியில் பார்ப்பது 1997ல் முடிவான ஏற்பாடு. ஜப்பான்காரர்களுக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை. அங்கே யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. கல்யாண வீட்டுக்கு லுங்கியில் போன மாதிரி. ஆகவே வெள்ளை உடை, அதுவும் துவைத்தது.

ஓரமாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு வெள்ளை பெல்ட் தாத்தா ஒருவர் வந்து குனிந்து வணங்கி, ‘ஒனேகாய்ஷிமாஸ்’ என்றார். தயவுசெய்து என்னோடு பழகுங்கள் என்பது போல ஒரு சொல். அவர் உயரம் என் தோளுக்கு. நான் பதமாகத்தான் பிடித்தேன். அடுத்த அடி எடுத்து வைக்கும்போது, கால் பாயைத் தொடுவதற்கு ஒரு விரல்கடை முன்பு, அவர் பாதம் என் பாதத்தைப் பக்கவாட்டில் பெருக்கித் தள்ளியது. டெ அஷி பராய். நான் என் மாணவர்களுக்கு முதல் வருடத்தில் சொல்லிக்கொடுப்பது அது! ஆறு நிமிடத்தில் பதினொரு தடவை விழுந்தேன். என் எடை எந்தக் காலுக்குப் போகிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவரே சைகையில் காட்டினார், நான் அடியெடுக்கும்போது தோளை முந்திச் சாய்க்கிறேன் என்று. இருபத்தைந்து வருடம் எந்த மாஸ்டரும் எனக்குச் சொல்லாதது.

அதனால் சார், போவதற்கு முன் நீங்கள் தயார் செய்ய வேண்டியது எறிவதை அல்ல, விழுவதை. இந்த இரண்டு மாதமும் தினமும் ஐம்பது உகேமி, அதாவது அடிபடாமல் விழும் பயிற்சி, போடுங்கள், இடது பக்கமும் சேர்த்து. நன்றாக விழத் தெரிந்தவனைப் பிடித்துப் பழக எல்லாருக்கும் பிடிக்கும், மொழி தெரியாவிட்டாலும் வரிசையில் வந்து கூப்பிடுவார்கள். விழப் பயந்து கையை விறைப்பாக நீட்டித் தடுத்துக்கொண்டே இருப்பவனை ஒரு சுற்றோடு விட்டுவிடுவார்கள். ஜெயிக்கப் போகாதீர்கள், அங்கே யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. (நான் எண்ணினேன் என்பது வேறு விஷயம்.)

மற்ற மரியாதையெல்லாம் நமக்குப் புதிதில்லை. பெரியவர்கள் இருக்கும் பக்கம் கால் நீட்டக்கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும், செருப்பு பாயின் விளிம்போடு சரி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாலந்தின் அன்டன் கீசிங்க், ஜப்பானின் கமினாகாவை அமுக்கிப் பிடித்து ஜெயித்தபோது, அவர் நாட்டுக்காரர்கள் குதூகலத்தில் பாயை நோக்கி ஓடிவந்தார்கள். கீசிங்க் எழுந்து கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். தங்கத்தைப் பறிகொடுத்த ஜப்பான்காரர்கள் அவரை மறக்காமல் இருப்பதற்கு அந்தக் கை ஒரு காரணம். பின்னாளில் நீல உடை வேண்டும் என்று யோசனை சொன்னவரும் இதே மனிதர்தான், என்னத்தைச் சொல்ல!

குடும்பத்தையும் அழைத்துப் போங்கள். எட்டாவது மாடியில் உட்கார்ந்து பார்க்க இருக்கைகள் உண்டு. நீங்கள் விழுவதைக் குழந்தை மிகவும் ரசிக்கும்.

என் கணவரும் நானும் சேர்ந்து பழகுகிறோம். வெளிநாட்டுக் கிளப்பில் தாலி, மெட்டி, மூக்குத்தியோடு அனுமதிப்பார்களா? கழற்ற வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்.
வாசகி, மதுரை

அனுமதிக்க மாட்டார்கள், அது சரிதான் அம்மா. ஜூடோவில் எதிராளி பிடிப்பதே கழுத்துப் பட்டையை. அந்த இடத்தில் சங்கிலி இருந்தால் உங்கள் கழுத்து அறுபடும், மஞ்சள் கயிறாக இருந்தாலும் இறுக்கும். மெட்டியில் அடுத்தவர் விரல் மாட்டிக்கொண்டு நகம் பெயர்ந்ததை என் கிளப்பிலேயே பார்த்திருக்கிறேன். மேலே டேப் ஒட்டுவது ஏமாற்று வேலை. ஆண்களின் வெள்ளி அரைஞாணுக்கும் இதே பதில்தான். ஒரு மணி நேரம் மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் பாயில் இறங்குங்கள் என்று என் மாணவி ஒருத்தியிடம் சொன்னேன். மாமியாரே வந்து உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார், இப்போது ஒரு நாள் தவறாமல் வருகிறார். கோடோகானில் பெண்கள் பிரிவு 1926லேயே வந்துவிட்டது, பெண்ணாகப் போவதற்குத் தயங்க வேண்டாம்.

ஆகஸ்டில் பாரிஸில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஜூடோ கிளப் கிடைக்குமா?
வாசகர், தஞ்சாவூர்

தெருவுக்குத் தெரு கிடைக்கும், பதிவு பெற்ற ஜூடோக்காரர்கள் ஜப்பானைவிட பிரான்ஸில்தான் அதிகம். ஆனால் கிளப்புகள் பள்ளிக்கூட வருடத்தை ஒட்டி நடப்பவை, ஆகஸ்டில் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பயணத்தை செப்டம்பர் கடைசிக்குத் தள்ள முடியுமா பாருங்கள். அங்கே ஜூடோ சங்கத்தின் லைசென்ஸ் கேட்பார்கள், காப்பீடு அதோடு சேர்ந்தது. புதியவர்களை ஒரு வகுப்பு இலவசமாக விடும் கிளப்புகளும் உண்டு, அக்காவை விட்டுப் போன் செய்யச் சொல்லுங்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் தற்காப்புக் கலை விலக்கப்பட்டிருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

சினிமாவில் காட்டுவது போல, புது ஆள் வந்தால் சேர்ந்து புரட்டி எடுப்பார்களா?
வாசகர், சேலம்

நல்ல கிளப்பில் இல்லை. போனவன் முறைத்தால் மட்டும் நடக்கும். முதல் நாள் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். அடிபட்டவனை யாராவது கை கொடுத்துத் தூக்கி விடுகிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு ஊர் சுற்றப் போங்கள்.

பெட்டியில் ஜூடோ உடைக்கு இடமில்லை என்கிறார் மனைவி. அங்கேயே வாடகைக்குக் கிடைக்காதா?
வாசகர், ஓசூர்

சில இடங்களில் இரவல் தருவார்கள், ஆனால் உங்கள் அளவில் இருக்காது. சொந்த உடையையே கொண்டுபோங்கள். காய்ந்திருக்கும்போது இரண்டு கிலோவுக்குப் பக்கம். பயிற்சி முடிந்ததும் எடை கூடும், ஓட்டல் அறையில் இரண்டு நாளானாலும் காயாது. முடிந்த அன்றே காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போய் உலர்த்தி வாங்கிவிடுங்கள். நான் சோம்பல்பட்டு ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்தேன். அந்தப் பெட்டியில் என் மனைவி இன்றைக்கும் புடவை வைப்பதில்லை.