வெளிநாட்டுக் கிராமக் கடன் சங்கத்தைக் கணினிமயமாக்கத் தன்னார்வலராகப் போனால் எங்கே தொடங்குவது?

பேரேட்டில் தொடங்குங்கள், மென்பொருள் பிறகு. ஒரு மாதக் கடைசியைக் கணினிக்கு மாறும் தேதியாக வைத்து, அன்றைய உறுப்பினர் நிலுவைகளைக் கூட்டிப் பொதுப் பேரேட்டில் (சங்கத்தின் மொத்தக் கணக்கு ஏடு) உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். அநேகமாக ஒத்துப்போகாது. பாஸ்புக்குகளை வரவழைத்துப் பாருங்கள்: பாஸ்புக்கில் மட்டும் எழுதிய வரவு, அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் ஏறிய தவணை எல்லாம் அங்கேதான் அகப்படும். வித்தியாசத்தை நீங்களாகச் சரிக்கட்டாதீர்கள். காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் நிறுத்தி, நிர்வாகக் குழுத் தீர்மானத்தோடு தீருங்கள்.

வட்டி போடுவது, கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கா, முதலில் வாங்கிய முழு அசலுக்கா? பழைய கடன் இரண்டைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தபிறகே மென்பொருளில் அமையுங்கள்.

குறைந்தது இரண்டு மாத முடிவுகள் வரை பேரேடும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். கேஷியர் முணுமுணுப்பார், நியாயம்தான், ஆனாலும் விடாதீர்கள். பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். அட்மின் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்துச் சங்கத்தின் பெட்டகத்தில் வையுங்கள். அது உங்களோடு விமானம் ஏறிவிட்டால் புதிய எழுத்தரை மென்பொருளில் சேர்க்கக்கூட வழியிருக்காது.