கமரா கேள்வி–பதில்

கேள்வி (கிளிநொச்சி): நிக்கோன் டி7000 கமராவில் நெடுங்காலமாகக் கல்யாணவீடு, சாமத்தியவீடு எடுக்கிறேன். 18-105 லென்ஸும் 50 எம்.எம். எஃப்/1.8டி லென்ஸும் இருக்கின்றன. எல்லாவற்றையும் விற்று மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத கமரா வகை) மாறலாமா? என்ன விலை சொல்லலாம்?

பதில்: முதலில் அந்த 50 லென்ஸைப் பாருங்கள். அதற்குள் மோட்டர் இல்லை. கமரா உடலிலுள்ள மோட்டர்தான் ஒரு சிறு திருகு வழியாக அதைச் சுழற்றி ஃபோகஸ் செய்கிறது. இந்த லென்ஸுகளை நிக்கோன் மிரர்லெஸ்ஸில் பூட்ட உதவும் எஃப்டிஇசெட் அடாப்டரில் அந்த மோட்டர் கிடையாது. மிரர்லெஸ்ஸில் பூட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அது சரிவராது. 18-105 க்குள் மோட்டர் இருப்பதால் அது வேலை செய்யும். ஆனால் இசெட்6 போன்ற ஃபுல்ஃபிரேம் (பெரிய சென்சருள்ள) மிரர்லெஸ் உடலில் படத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகி, 24 மெகாபிக்சல் ஏறக்குறைய 10 ஆகிவிடும். இசெட்50 இல் 20.9 மெகாபிக்சலும் கிடைக்கும், ஆனால் மெமரி காட் போட ஒரே இடம்தான். உங்கள் டி7000 இல் இரண்டு காட் போட்டு ஒன்றில் பிரதி வைக்கலாம். காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அதை இழப்பது நல்லதில்லை.

புது லென்ஸுகளுக்கும் சேர்த்துக் காசு இருந்தால் இசெட்6 II எடுங்கள். இல்லாவிட்டால் உங்களுடையது போலக் கண்ணாடியுள்ள, பாவித்த டி7200 (2015) போதும்: 24.2 மெகாபிக்சல், உள்மோட்டர், இரண்டு காட், உங்களிடம் இருக்கும் அதே ஈஎன்-ஈஎல்15 பற்றரி. லென்ஸுகளை வைத்துக்கொண்டு உடலை மட்டும் விற்கலாம்.

விளம்பரத்தில் காண்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. உண்மை விலையைத் தீர்மானிப்பதில் ஷட்டர் எண்ணிக்கைக்கு (ஷட்டர் இதுவரை எத்தனை தடவை இயங்கியது என்பதற்கு) பெரிய பங்குண்டு. கமராவில் எடுத்த ஜேபெக் படமொன்றை மெமரி காட்டிலிருந்து நேரே கணினிக்கு எடுத்து எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் திறந்தால் எண்ணிக்கை தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அந்த விபரம் அழிந்திருக்கும். டி7000 இன் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் உடனே உடையும் என்றில்லை, ஆனால் வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். எண்ணை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): விற்கமுதல் எப்படித் துப்பரவாக்குவது? கைப்பிடி றப்பரும் கழன்று நிற்கிறது.

பதில்: வற்றாப்பளைப் பொங்கல் மாதிரிப் புழுதிக்குள் வேலை செய்த கமராவென்றால் படம் பதியும் சென்சரில் பொட்டுகள் இருக்கும். எஃப்/16 வைத்து வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள். இருந்தால் பற்றரியை நிறையச் சார்ஜ் பண்ணி, மெனுவில் துப்பரவுக்காகக் கண்ணாடியை உயர்த்தும் தெரிவைப் போட்டு, லென்ஸைக் கழற்றிய வாய்ப்பக்கம் நிலத்தைப் பார்க்கப் பிடித்து றப்பர் ஊதியால் ஊதுங்கள். இடையில் பற்றரி இறங்கினால் கண்ணாடி கீழே விழும், ஆகவே அரைச் சார்ஜோடு தொடங்க வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்று திரவத்தைக் கக்கிவிடலாம். ஊதியும் போகாத பொட்டைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

றப்பருக்கு சுப்பர் குளூ பூசாதீர்கள். அதன் ஆவி திரையிலும் கண்பார்க்கும் கண்ணாடியிலும் வெண்படலமாகப் படியும். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய இருபக்கப் பசைநாடாவால் ஒட்டுங்கள். றப்பர் நீண்டு பெருத்திருந்தால் எதனாலும் பொருந்தாது. அதைச் சொல்லி விலையில் கழித்துவிடுங்கள்.

மெனுவில் காப்புரிமைப் பகுதியில் உங்கள் பெயர் இருந்தால் அழியுங்கள். புதுச் சொந்தக்காரரின் படங்களிலும் அது பதியும். மெமரி காட்டைக் கொடுக்கவே வேண்டாம். ஃபோர்மற் செய்த காட்டிலிருந்தும் மற்றவர் வீட்டுப் படங்களை மீட்டெடுக்கலாம்.

கேள்வி (மாங்குளம்): பாவித்தது வாங்குபவர் என்ன பார்க்கவேண்டும்?

பதில்: லென்ஸைக் கழற்றி, அதனுள் ஒளி நுழையும் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்தால் ரோச் அடித்துப் பாருங்கள். மாரி ஈரத்தில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சணம் தெரியும். அதை வாங்க வேண்டாம். அடுத்து வெளிச்சமான சுவரை ஷட்டரின் உச்ச வேகத்தில் எடுங்கள். படத்தில் ஒரு பக்கம் இருண்ட பட்டை வந்தால் ஷட்டர் தளர்ந்துவிட்டது. டி7000, டி7200 மெனுவில் பற்றரி விபரத்தைத் திறந்தால் அதன் வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புதுப் பற்றரிக்கான காசையும் விலையில் குறைத்துக் கேளுங்கள்.