அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: அலங்காநல்லூர் பக்கம் எங்கள் ஊர், பதினைந்து வீடுகள்தான். புறவழிச்சாலை வந்த பிறகு பங்காளி ஒருவர் தன் புஞ்சையை பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். தாத்தா காலத்திலிருந்து அதன் ஓரமாகத்தான் வயலுக்கு வண்டி போகும். எட்டு மாதத்துக்கு முன் கல்கால் ஊன்றிக் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார்கள். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) பாதை இல்லை என்கிறார் வி.ஏ.ஓ. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. 'அனுமதி கேட்டு எழுதிக் கொடுங்கள், அறுப்புக்கு டிராக்டரை விடுகிறோம்' என்கிறார் புரமோட்டர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது.

பங்காளி செய்தது துரோகமாகவே இருக்கட்டும். அவர் நிலம், அவர் விற்றார். கோர்ட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. புலப்படத்திலும் இல்லை என்றால் உங்களுக்கு முக்கியமாகக் கைகொடுப்பது, அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. யாரிடமும் அனுமதி கேட்காமல், வெளிப்படையாக, தடையின்றி 20 ஆண்டு உரிமையோடு போய்வந்திருந்தால் அந்தப் பாதை உங்களுக்கு உண்டு.

அனுமதி கேட்காமல் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. அறுப்பு அவசரத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் உண்டு. அந்தத் தாளைக் குறுக்கு விசாரணையில் நீட்டுவார்கள். "இப்போது கேட்டவர்கள் அப்போதும் கேட்டுத்தான் போயிருப்பார்கள்" என்று எதிர்த்தரப்பு சொன்னால், தாத்தா காலத்துக் கதை அத்தனையும் ஆட்டம் கண்டுவிடும். டிராக்டரை ஒரு போகம் சுற்றிக் கொண்டுபோங்கள், நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை.

அடுத்த ஆபத்து காலம். அந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். அடைத்தது தெரிந்தும் ஓராண்டு சும்மா இருந்தால், ஒத்துக்கொண்டதாகிவிடும். நீங்கள் கொடுத்த மனுக்கள், எதிர்ப்புத் தெரிவித்தீர்கள் என்று காட்டும், அவ்வளவுதான். வழக்குக்கான காலத்தை அவை நிறுத்தாது. இந்த மாதமே முன்சீப் கோர்ட்டுக்குப் போங்கள். இடத்தை நேரில் பார்த்து கோர்ட்டுக்கு அறிக்கை தர வக்கீல் கமிஷனரை நியமிக்கக் கேட்கும் மனுவையும் சேர்த்தே போடுங்கள். ஜேசிபி இறங்கினால் வண்டித்தடம் ஒரே நாளில் போய்விடும், அப்புறம் கமிஷனர் வந்து எதைப் பார்ப்பார்? கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய படங்களையும் எடுத்து வையுங்கள்.

'ஊர் சார்பாக' என்று வழக்குப் போட வேண்டாம். இந்த உரிமை நிலத்தோடு ஒட்டியது. எந்த வயலுக்குப் பாதை தேவையோ அந்த வயல்காரர்கள் வாதிகளாக இருந்தால் போதும். கோபத்தில் 'பாதையே எங்கள் நிலம்தான்' என்றும் எழுதிவிடாதீர்கள். சொந்த நிலத்தில் வசதியுரிமை கேட்க முடியாது.

வழக்குப் போட்ட கையோடு ராஜிக்கு உட்காருங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும் மனையை வாங்க ஆள் தயங்குவார்; புரமோட்டருக்கு அது நன்றாகத் தெரியும். லேஅவுட் ரோட்டை உங்கள் வயல் எல்லைவரை நீட்டி வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். அங்கீகாரத்துக்காக ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதும்போது அதுவும் பொதுப்பாதையாகிவிடும். பழைய தடத்திலிருந்து சில அடி தள்ளிப் போனாலும் பிடிவாதம் பிடிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். மனைகள் விற்றுவிட்டால், வாங்கிய ஒவ்வொருவரோடும் வழக்காட வேண்டியிருக்கும்.