நினைவுச்சின்னம் யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பூங்காவில், குதிரைமீது ஓர் அதிகாரியும் அருகே கறுப்பின வீரர்களும் செல்லும் வெண்கலச் சிற்பத்தின் படத்தைப் பார்த்தேன். அது அதிகாரிக்கு எழுப்பப்பட்டதா, வீரர்களுக்கா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எழுப்பியவர்களின் நோக்கம் அதிகாரியைப் போற்றுவதுதான், சிற்பியின் கைபட்ட பிறகு அது வீரர்களுக்கும் உரியதாயிற்று. குதிரைமீது இருப்பவர் கர்னல் ராபர்ட் கோல்ட் ஷா. அவர் தலைமையேற்ற, கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவு, 1863 மே 28 அன்று, இன்று சிற்பம் நிற்கும் பீக்கன் தெரு வழியாகவே, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களுக்கு எதிரான உள்நாட்டுப் போருக்குப் புறப்பட்டது. ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது ஷா மாண்டார். எதிரிகள் அவரை அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். மகனின் உடலை அங்கிருந்து எடுக்க வேண்டாமென்று தந்தை பின்னர் கூறிவிட்டார்.

ஷாவுக்கு மட்டும் குதிரைச் சிலை வடிக்கவே சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் முதலில் எண்ணினார். அத்தகைய சிலை பெருந்தளபதிகளுக்கே பொருந்தும் என்று குடும்பத்தார் கருதியதால் திட்டம் மாறி, வீரர்கள் சிற்பத்துக்குள் வந்தார்கள். கறுப்பினத்தவர் பலரை எதிரே அமர்த்திச் சிற்பி தலைகளை வடித்ததால், தாடி வைத்த நடுவயதினர், மீசை அரும்பாத இளைஞர், முன்னே செல்லும் முரசுச் சிறுவன் என ஒருவர் முகம் மற்றவருக்கு இல்லை. குதிரையின் கால்களுக்கிடையே அவர்களுடைய கால்கள் பின்னிச் செல்வதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1884-இல் ஒப்பந்தமான வேலை, 1897 மே 31 அன்றுதான் திறப்பு விழாவைக் கண்டது. குதிரையையும் வீரர்களையும் பார்த்த கண்ணுக்கு, மேலே மிதக்கும் தேவதை மிகையென்றே எனக்குப் படுகிறது.

மாதம் 13 டாலர் என்று சொல்லிச் சேர்க்கப்பட்ட இவ்வீரர்களுக்கு 10 டாலரே தர முன்வந்த அரசு, அதிலும் 3 டாலரை உடைக்கென்று பிடித்துக்கொள்ள இருந்தது. சம ஊதியம் கிடைக்கும்வரை ஒரு காசும் வேண்டாம் என்று மறுத்தபடியே அவர்கள் போரிட்டார்கள். ஆயினும், திறப்பு விழாவின்போது சின்னத்தில் இடம்பெற்ற பெயர்கள் வெள்ளை அதிகாரிகளுடையவை மட்டுமே. அக்கோட்டைப் போரில் உயிர்நீத்த கறுப்பின வீரர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் 1980களின் தொடக்கத்தில்தான் பொறிக்கப்பட்டன. அவை பின்புறக் கல்லில் உள்ளன. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது, பூங்காப் பக்கம் சுற்றி வர வேண்டும்.